தாழைக்கோழிக்கு ஒரு லென்ஸ்

லென்ஸ் வாங்கச் சென்னைக்குப் போனவர்கள் மூன்று பேர்: நான், ஸ்டூடியோவில் என் கூட்டாளி குமரேசன், அவருடைய அக்கா சரசு. போகாதவர் அந்தோணி. ஸ்டூடியோவின் மூன்றாவது கூட்டாளி அவர். அந்த லென்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு ஏரியில் இறங்கப் போகிறவரும் அவர் ஒருவர்தான்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். நான் கேமராவைக் கீழே வைத்துச் சில வருடங்கள் ஆகின்றன. இப்போது ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். ஓய்வு பெற்றவன் என்று சொன்னால் சிரிப்பீர்கள், வயது முப்பத்திரண்டுதான். ஆனாலும் இந்தத் தொழிலில் எனக்கு இனி லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்ல முடியும். ஷட்டர், ஐஎஸ்ஓ விவரமெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் வேலை இன்னதென்று சொல்லிவிட வேண்டும். ஆரணி பஜாரில் பட்டுக்கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர் வருடா வருடம் சாமி படம் போட்ட காலண்டர் கொடுப்பார். அந்த வருடம் அவருக்கு வேறு யோசனை வந்தது. பன்னிரண்டு பக்கம். ஜவ்வாது மலை, சுற்றியுள்ள ஏரிகள், ஏரிக்கு வரும் பறவைகள். ஒவ்வொரு பக்கத்துப் படத்திலிருந்தும் நிறத்தை எடுத்து ஒரு புடவை நெய்வது. சித்திரை முதல் நாள் காலண்டரும் புடவையும் ஒன்றாகக் கடைக்கு வரும். சித்திரைப் பக்கத்துக்கான பறவையை அவரே சொல்லிவிட்டார்: நீலத் தாழைக்கோழி. கோழி அளவில் இருக்கும், நாணல் ஓரமாக நடக்கும். உடம்பெல்லாம் ஊதாவும் நீலமும். அலகும் நெற்றியும் சிவப்பு. காரில் போகும்போது ஒருநாள் ஏரியில் பார்த்திருக்கிறார்.

"ஒடம்பு ஊதா, மூக்கு சேப்பு. ஆண்டவன் பார்டர் போட்டே அனுப்பியிருக்கான், நாம நெய்ய வேண்டியதுதான் பாக்கி" என்றார்.

படங்கள் அவருக்குப் பிடித்தால், கடையின் ஒரு வருடத்துப் புடவைப் படங்கள் முழுவதும் எங்களுக்கு. பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் எங்களுக்குத் தெரியும். அந்தோணி தீபாவளி சமயத்திலேயே சொல்லிவிட்டார். முகூர்த்தங்களில் வருவதை மூன்றாகப் பங்கு போட்டால் ஒருவருக்கும் போதவில்லை. அவருக்கு ஒரு தொழிற்சாலையில் வேலை சொல்லி வைத்திருந்தார்கள், தை மாதம் சேர வேண்டும். "காலண்டர் வேலை கூடிச்சின்னா இருக்கறேன். இல்லன்னா என்னை விட்டுடுங்கப்பா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்பதுபோலச் சொன்னார். அவர் போனால் ஸ்டூடியோவில் மிஞ்சுவது இரண்டு கல்யாண போட்டோகிராபர்கள். ஆரணியில் அதற்குப் பஞ்சமே இல்லை.

எங்களிடம் இருந்த லென்ஸ்கள் மண்டபத்துக்கு ஆனவை. பறவைக்கு எட்டாது. ஒரு டெலி ஜூம் வேண்டும் என்று முடிவான போது கார்த்திகை முடியும் தறுவாய். மார்கழியில் புதுப்பொருள் வாங்குவது குமரேசன் வீட்டில் கிடையாது, என் வீட்டிலும் கிடையாது. அந்தோணி சர்ச்சுக்குப் போகிறவர். "பில்லை என் பேர்ல போடுங்க, எனக்கு மார்கழி கிடையாது" என்று சொல்லிப் பார்த்தார். "லென்ஸ் இருக்கப் போறது எங்க சாமி படத்துக்குக் கீழதானே" என்றார் குமரேசன். அதே மார்கழிக்குப் பயந்து களம்பூரில் ஒரு ரைஸ் மில்காரர் தன் புது வீட்டுக்கு அவசரமாகக் கிரகப்பிரவேசம் வைத்திருந்தார். அந்த வீடியோ வேலை அந்தோணிக்கு. ஆகவே அவர் களம்பூர் போனார், நாங்கள் காஞ்சிபுரம் வழி பஸ்ஸில் சென்னை போனோம். அக்கா வந்தது, பணத்தில் ஒரு பகுதி அவருடையது என்பதால்.

நான் போனது, படித்தவன் என்பதால். முள்ளிப்பட்டில் என் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நெய்கிறவர்கள். வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். லென்ஸ்களைப் பற்றி இங்கிலீஷில் வந்திருந்த கட்டுரைகளை எல்லாம் உட்கார்ந்து படித்தேன். எது எத்தனை எட்டும், எது எவ்வளவு எடை, எதன் ஓரத்தில் கூர்மை குறையும் என்று கேட்டால் அப்படியே ஒப்பிப்பேன். ஸ்டூடியோவில் "மூர்த்தி படிச்சிட்டான்" என்றால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அந்தக் கட்டுரைகளை எழுதியவர்கள் ஜீப்பில் உட்கார்ந்து எடுக்கிறவர்கள். எங்கள் அந்தோணி உட்காருவது, ஏரியில் மீன் பிடிக்கிறவர்களின் தெர்மாகோல் மிதவைமேல். அது எந்தக் கட்டுரையிலும் வராது.

சென்னையில் நாங்கள் போனது பழைய கேமராக்களை வாங்கி விற்கிற, வாடகைக்கும் விடுகிற கடை. கல்லாவில் என் வயதுப் பெண் ஒருவர் இருந்தார். நான் எண்களைச் சொல்லத் தொடங்கியதும் கையமர்த்திவிட்டுக் கேட்டார்.

"எவ்ளோ தூரத்துல இருந்து எடுப்பீங்க? ஸ்டாண்ட் போட்டா, கையில பிடிச்சா?"

குமரேசன் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். எடுக்கிறவர் வரவில்லை என்று சொன்னேன்.

"அப்ப அவர் வரட்டுமே. லென்ஸ் எங்க ஓடிடப் போகுது?"

"நாளன்னிக்கு மார்கழி பொறக்குதும்மா. மார்கழியில புதுசு வாங்க மாட்டோம்" என்றார் அக்கா.

"இது புதுசு இல்லைங்களேக்கா. செகண்ட் ஹேண்ட்."

அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் விடவில்லை. ரெண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்துப்போய் அவர் கையில் கொடுத்துப் பாருங்கள், பிடித்ததை வாங்கிக்கொள்ளுங்கள், வாடகைக்கு மார்கழி தோஷம் உண்டா என்று கேட்டார். குமரேசனுக்கு அது சரிப்படவில்லை. "வாடகைக்குக் குடுக்கற துட்டு ஆத்துல போட்டாப்ல. அதுகூட எங்க ஆத்துலன்னா மணல்ல தேடி எடுத்துக்கலாம்" என்றார்.

பிறகு நாங்கள் லென்ஸைச் சோதித்தோம். எங்கள் ஊர்க்காரர்கள் எப்படிச் சோதிப்பார்களோ அப்படி. அக்கா பையிலிருந்து ஒரு பட்டுப்புடவையை எடுத்தார். அவரே நெய்தது, முந்தானை முழுக்க ஜரிகை. கடையின் கோடியில் ஒரு அலமாரிக் கதவில் அதைத் தொங்கவிட்டோம். மூன்று லென்ஸ்களை ஒவ்வொன்றாகப் போட்டு அதையே எடுத்தோம். ஒன்று அறுநூறு மில்லிமீட்டர் வரை எட்டுகிற பெரியது. ஒன்று நானூறு வரை போகிற, கையில் அடங்குகிற மெலிந்தது. மூன்றாவது இருநூறோடு நின்றுவிடும், ஆனால் வெளிச்சத்தை நிறைய வாங்கும். எட்டாத தூரத்துக்கு இடையில் ஒரு கன்வர்ட்டரை மாட்டினால் அதுவும் நானூறு ஆகிவிடும்.

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தோம். பட்டு வாங்குகிறவர் இழை எண்ணுகிற சின்னக் கண்ணாடியை வைத்துக் குனிந்து பார்ப்பாரே, அதுபோல மூன்று தலைகளும் அந்தத் திரைமேல் குனிந்தன. பெரிய லென்ஸில் ஜரிகை லேசாகக் கலங்கியிருந்தது. மெலிந்ததில் பரவாயில்லை. மூன்றாவதில் ஒவ்வொரு இழையும் தனித்தனியாக நின்றது.

"இதுதான். பட்டு தனியா, ஜரிகை தனியா தெரியுது பாரு" என்றார் அக்கா.

அவர் சொன்னது முழுக்க உண்மை. அந்த டியூப்லைட் வெளிச்சத்தில், அந்தத் தூரத்தில், அசையாமல் தொங்குகிற புடவைக்கு அதுதான் சிறந்த லென்ஸ். முகூர்த்த வேலைக்கும் ஆகும் என்று குமரேசன் சொன்னார், அதுவும் உண்மை. கன்வர்ட்டரை மாட்டி எடுத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கூர்மைக்கும் விலைக்கும் உள்ள கணக்கை நான் எடுத்துச் சொன்னேன். மூன்று உண்மைகளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு சாயங்காலம் பஸ் ஏறினோம்.

மறுநாள் அந்தோணி லென்ஸைக் கையில் வாங்கினார். தூக்கிப் பார்த்தார். கன்வர்ட்டரை மாட்டிப் பார்த்தார். "கல்யாணத்துக்கு நல்ல லென்ஸ்" என்றார். கழற்றிப் பைக்குள் வைத்தார்.

மார்கழி முழுவதும் அவர் அதோடு சுற்றினார். அந்த லென்ஸை நான் குறை சொன்னால் அது நியாயமில்லை. மலைப் படங்கள் அருமையாக வந்தன. டெலி லென்ஸ் தூரத்து மலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கிக் கொண்டுவந்து அடுக்கும். பனியில் ஜவ்வாது மலை ஐந்தாறு வரிசையாக, முன்னால் கரும்பச்சையில் தொடங்கிப் பின்னால் போகப் போக வெளுத்து, கடைசி வரிசை வானத்தோடு கலந்து நின்றது. முதலாளி அதைப் பார்த்துவிட்டு, ஒரே புடவையில் இந்த அஞ்சு நிறத்தையும் எப்படிக் கொண்டுவருவது என்று அரைநாள் யோசித்தார். நிலக்காட்சிக்கு அகல லென்ஸ்தான் வேண்டும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். மதகில் உட்காரும் மீன்கொத்தியும் கிடைத்தது; அது ஆளுக்குப் பயப்படாது. கம்பியில் உட்காரும் பனங்காடையும் கிடைத்தது. பதினொரு பக்கமும் தேறின.

தாழைக்கோழி மட்டும் தேறவில்லை.

அது இருக்கிற நாணல் கரையிலிருந்து தூரம். மிதவையில் போனால்தான் கிட்டே போகலாம். மிதவையில் ஸ்டாண்ட் போட முடியாது. கன்வர்ட்டரோடு அந்த லென்ஸ் ஒரு படி அரிசி கனம். தூக்கிக் கண்ணில் வைத்ததும் கை ஆடும், கை ஆடினால் மிதவை ஆடும், மிதவை ஆடினால் தண்ணீர் ஆடும், தண்ணீர் ஆடினால் அது நாணலுக்குள் போய்விடும். கன்வர்ட்டர் மாட்டியதில் ஃபோகஸும் மந்தம். நாணல் தண்டு கூர்மையாக விழுந்திருக்கும், பின்னால் ஊதா நிறத்தில் ஏதோ ஒன்று போயிருக்கும். பறவையும் தெளிவாக விழுந்த ஒன்றிரண்டு படங்களில் நிறம் செத்துப்போயிருந்தது. துவைத்துத் துவைத்து வெளுத்த துணிபோல. ஒருநாள் கையை உயர்த்தும்போது அந்தோணி தண்ணீருக்குள் சாயப் பார்த்தார். கேமராவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் சேற்றில் நின்றாராம். அதை அவர் சொல்லவில்லை, மீன்காரர் சொன்னார்.

இதற்குள் தை பிறந்துவிட்டது. பொங்கல் கழிந்து வந்த வெள்ளிக்கிழமை சித்திரைப் பக்கத்துப் புடவைக்கு நூல் சாயம் போடுவதாக முதலாளி நாள் குறித்திருந்தார். சாயக்காரர் நிறத்தை வாயால் கேட்டுப் போடுவதில்லை. மாதிரி நூல் ஒன்றைக் கொடுத்தால், பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்துத்தான் போடுவார். இந்த முறை மாதிரி நூலுக்குப் பதில் எங்கள் படம்.

புதன்கிழமை நாங்கள் நான்கு பேரும் ஸ்டூடியோவில் இருந்தோம். இருந்ததில் நல்ல படத்தை எடுத்து, குமரேசன் கம்ப்யூட்டரில் ஊதாவை ஏற்றினார். ஏற்ற ஏற்றப் பறவை பளபளத்தது. கல்யாணப் பெண்ணுக்குச் செய்வதைத்தான் செய்தார், அதில் அவர் கைகாரர்.

"நல்லாத்தான் கீது" என்றார் அக்கா.

"நல்லாக்கீதுக்கா. ஆனா அது தாழைக்கோழி இல்ல" என்றார் அந்தோணி.

குமரேசன் திரும்பாமலே சொன்னார்: "அத்த கிட்டத்துல பாத்தவன் நீ ஒருத்தன்தான்பா. வேற எவனுக்குத் தெரியப் போவுது?"

"அதுக்குத்தான் சொல்றேன். எனக்குத் தெரியுதே."

பிறகு அந்தோணி, இதைத்தான் கொடுப்பதென்றால் கொடுங்கள், நான் திங்கட்கிழமை தொழிற்சாலையில் போய்ச் சேர்ந்துவிடுகிறேன் என்றார். அதையும் சாதாரணமாகத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு அது சும்மா சொன்னதில்லை என்று தெரிந்தது. இன்னும் ஒரு பகல் இருக்கிறது, நாளைக்குச் சென்னை போய் வேறு லென்ஸ் வாடகைக்கு எடுத்து வந்தால் வெள்ளி விடியும்போது ஏரியில் இருக்கலாம் என்று நான் சொன்னேன். குமரேசன் யோசித்துவிட்டு, சரி போய்ட்டு வாங்க, அதுவரிக்கும் நான் பாத்துக்கறேன் என்றார்.

வியாழக்கிழமை கடையில் அந்தப் பெண்ணுக்கு என்னை ஞாபகம் இருந்தது. "எடுக்கறவர் இவர்தானா?" என்று கேட்டுவிட்டு, அன்று கேட்ட அதே கேள்விகளை அவரிடம் கேட்டார்.

"தெர்மாகோல் மேல உக்காந்துகினு, கையில புடிச்சிகினு" என்றார் அந்தோணி. "உங்க வாசல்ல இருந்து எதிர்க்கடை வரிக்கும் கிட்ட போவலாம். அதுக்கு மேல போனா உள்ள பூந்துடும். வெயில் வந்து கொஞ்ச நேரந்தான். அது நிக்காது, நடந்துகினே இருக்கும்."

அறுநூறு எட்டுகிற பெரிய லென்ஸை எடுக்க நான் கை நீட்டினேன். அந்தப் பெண் அதை எடுத்து ஓரமாக வைத்தார். எதிர்க்கடைத் தூரத்துக்கு இவ்வளவு வேண்டாம், மிதவையில் இதுவும் கையை ஆட்டிவிடும் என்று சொல்லி, மெலிந்த லென்ஸைக் கொடுத்தார். அந்தோணி அதை மாட்டிக்கொண்டு கடைத் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முழங்கைகளை விலாவில் ஒட்டிக்கொண்டு வாசலில் போகிற ஸ்கூட்டர்களைக் குறிபார்த்தார். கடைக்கு வந்தவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். "இது போதும்" என்று எழுந்தார். தறிக்குழியை வெட்டும்போது உட்காரப் போகிறவர் காலை வைத்துத்தான் அளந்து வெட்டுவோம். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த மூன்று பேர்தான், உட்காரப் போகிறவர் இல்லாமல் லென்ஸ் வாங்கினோம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். டெலி லென்ஸ் வாங்கும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது, எவ்வளவு தூரம் எட்டும் என்பதை. நீங்கள் எவ்வளவு கிட்டே போகமுடியும் என்பதை முதலில் பாருங்கள். கிட்டே போகத் தெரிந்தவருக்குச் சின்ன லென்ஸ் போதும். போகத் தெரியாதவருக்குப் பெரிய லென்ஸும் தூரத்தைத்தான் பெரிதாக்கிக் காட்டும். நடுவில் உள்ள வெயிலையும் தூசியையும் சேர்த்து.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது நாங்கள் ஏரியில் இருந்தோம். அந்தோணி மிதவையில் உட்கார்ந்திருந்தார். நான் இடுப்பளவு தண்ணீரில் பின்னாலிருந்து அதைத் தள்ளினேன், தள்ளுகிறேன் என்று தெரியாத வேகத்தில். நாணல் ஓரத்தில் இரண்டு தாழைக்கோழிகள் தண்டுகளைக் கடித்துக்கொண்டிருந்தன. எதிர்க்கடைத் தூரம் வந்ததும் அவர் கையைப் பின்னால் காட்டினார், நிறுத்தினேன். வெயில் பக்கவாட்டில் விழுந்தது. அவற்றில் ஒன்று நிமிர்ந்து, நெஞ்சைத் திருப்பியது. ஷட்டர் சத்தம் கேட்டது. அவர் அவசரப்படவே இல்லை.

கரையேறியதும் திரையில் காட்டினார். அலகின் சிவப்பில் ஒரு கீறல்கூடத் தெரிந்தது. உடம்பு ஊதா என்றுதான் அதுவரை எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். முதுகுதான் ஊதா. நெஞ்சில் வெயில் பட்ட இடம் பச்சையும் நீலமுமாக, பறவை திரும்பத் திரும்ப ஒன்று இன்னொன்றாக மாறியது. படத்துக்குப் படம் வேறு வேறு. நெசவு வீட்டில் பிறந்தவனுக்கு அது என்னவென்று உடனே புரியும்.

"பாவு ஊதா, ஊடை பச்சைநீலம்" என்றேன். நீளவாக்கில் ஒரு நிறம், குறுக்கில் ஒரு நிறம் கொடுத்து நெய்தால் புடவை அப்படித்தான் மின்னும்.

"அத்த போயி அவர்கிட்ட சொல்லு, ஜல்தி" என்றார் அந்தோணி. அந்த மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

ஈரத்துணியோடு சாயக்காரர் இடத்துக்கு வண்டியில் போனோம். மூங்கில்களில் நூல் காய்ந்துகொண்டிருந்தது. பாவுக்கானதும் ஊடைக்கானதும், எல்லாம் ஒரே ஊதா. குமரேசன் கம்ப்யூட்டரில் ஏற்றிய அதே ஊதா. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குமரேசன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

வியாழன் மாலை நடந்ததைப் பிறகு தெரிந்துகொண்டோம். முதலாளி போன் செய்து, படம் இருக்கிறதா இல்லையா என்று கேட்டிருக்கிறார். சாயக்காரர் வெள்ளி விடியற்காலையில் அடுப்பு மூட்டும் முன்பே சாயத்தை நிறுத்துக் கலக்க வேண்டும். குமரேசன், "கீதுங்க முதலாளி" என்று சொல்லி, இருந்த படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். எங்களை அழைத்துக் கேட்கவில்லை. பஸ்ஸில் வந்துகொண்டிருப்பவர்களிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாராம்.

முதலாளி கேமராவை வாங்கி, துண்டால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தார். படத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார். தலை நிமிர்ந்து காயும் நூலைப் பார்த்தார்.

"இத்த நேத்தே ஏன் குடுக்கல?"

"நேத்து எடுக்கலைங்க. இன்னிக்குக் காலையிலதான் எடுத்தேன்" என்றார் அந்தோணி.

"அப்ப நேத்து கீதுன்னது?"

"நான்தாங்க முதலாளி" என்றார் குமரேசன்.

"இல்லைன்னு சொல்லியிருந்தா நான் என்னா, அடிச்சிடவா போறேன்? அடுத்த வெள்ளிக்கி அடுப்பு எரியாதா?"

குமரேசன் பதில் சொல்லவில்லை. அவர் சொல்லாத பதிலை உங்களுக்கு நான் சொல்கிறேன். சரசு அக்காவின் தறியில் ஓடுவது அந்த முதலாளி கொடுக்கிற பாவு. என் அப்பாவின் தறியில் ஓடுவது இன்னொரு முதலாளி கொடுக்கிற பாவு. பாவு கொடுக்கிறவர் "ஆச்சா?" என்று கேட்டால் "ஆச்சுங்க" என்று சொல்லிவிட்டு, பிறகு ராப்பகலாக உட்கார்ந்து அதை உண்மையாக்குவதுதான் எங்கள் வீடுகளின் பழக்கம். நெசவில் அது நடக்கும். தறி நம் கையில் இருக்கிறது. பறவை நம் கையில் இல்லை. வாடிக்கையாளர் கேட்கும்போது "இன்னும் இல்லைங்க" என்று சொல்ல ஒருநாள் பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள். லென்ஸைவிட அதுதான் முதலில் வேண்டும். குமரேசன் இடத்தில் நான் இருந்திருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன் என்று எனக்கு உறுதி இல்லை.

முதலாளி கத்தவில்லை. சித்திரைப் பக்கத்துக்கு இந்தப் படம்தான், அடுத்த வெள்ளி மறுபடி சாயம், பாவு ஊதா, ஊடை பச்சைநீலம் என்று சாயக்காரரிடம் சொன்னார். நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை, அவரே படித்துவிட்டார். பிறகு எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, "வருச வேலை உங்களுக்குத்தான். அந்த நூலும் உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். நூலின் விலை எங்கள் தலையில் என்று அர்த்தம்.

டீக்கடையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். குமரேசன் டீயைத் தொடவில்லை. கொஞ்சம் பொறுத்து அந்தோணியிடம் சொன்னார்: "நீ இல்லாம வாங்கனோம். நீ இல்லாம குடுத்தேன். இந்த நஷ்டம் எனக்கும் மூர்த்திக்குந்தான். உனக்கு இதுல இல்ல."

அந்தோணி டீயைக் குடித்துவிட்டு, வாடகை லென்ஸைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை வரை அவர் ஸ்டூடியோ பக்கம் வரவில்லை. போகப்போகிறார் என்றுதான் நானும் குமரேசனும் நினைத்தோம். நியாயம்தான் என்றும் பேசிக்கொண்டோம்.

திங்கட்கிழமை காலை சென்னை பஸ் புறப்படும்போது அவர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தார். தோளில் ஒரு பை. நாங்கள் பழைய லென்ஸைக் கொடுத்து மெலிந்ததை மாற்றிக்கொள்ளப் போய்க்கொண்டிருந்தோம். தொழிற்சாலைக்கும் அதே பஸ்ஸில்தான் போக வேண்டும். எங்கே டிக்கெட் எடுக்கப்போகிறார் என்று கேட்க எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை. பஸ் ஏறியதும் அந்தோணி குமரேசனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "கணக்கு இன்னா ஆச்சு, சொல்லு" என்றார்.

குமரேசன் சொன்னார். ஊதா நூலுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றி விற்றால் வருவது போக அதில் நஷ்டம், லென்ஸையும் கன்வர்ட்டரையும் திருப்பிக் கொடுப்பதில் கடைக்காரப் பெண் போனில் சொன்ன கழிவு, வாடகை, பஸ் சார்ஜ். எல்லாம் சேர்த்து ஐம்பத்து நாலாயிரம். தனக்கும் எனக்கும் ஆளுக்கு இருபத்தேழு என்றார்.

கண்டக்டர் வந்தார். அந்தோணி மூன்று டிக்கெட்டும் கடை இருக்கும் இடத்துக்கே வாங்கினார். வாங்கிவிட்டு, "மூணா போடு" என்றார்.

தலைக்குப் பதினெட்டாயிரம் ரூபாய்.